நாவல் படிக்கும் பெண்: ஒரு குற்றச்சாட்டின் சரித்திரம்

படிப்பதில் குற்ற உணர்ச்சி என்பது இயற்கையாக வருவதல்ல. யாரோ கற்றுக்கொடுத்து, வேறு யாரோ கற்றுக்கொண்டது. யார், எப்போது, எந்தக் காரணத்துக்காகக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடிப் பார்க்க முடியும். பெண் விடுதலையில் நம்பிக்கையுள்ள பெண்கள் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும் சிறு ருசிகள் பல: நகை, தலை நிறையப் பூ, பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் பழைய சினிமாப் பாட்டு, காதல் தொடர்கதை. கடைசியில் சொன்னதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது எழுத்து சம்பந்தப்பட்டது என்பதால், அதன் மீதான வழக்கு மற்றவற்றைவிட விவரமாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கும் அந்த ருசி உண்டு என்பது இன்னொரு காரணம்.

வழக்கு பெண்ணியத்துக்கு முந்தியது. 1766இல் லண்டனில் ஜேம்ஸ் ஃபோர்டைஸ் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ‘இளம் பெண்களுக்குப் பிரசங்கங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். பல பதிப்புகள் கண்ட நூல். பெண் அடக்கமாக இருக்க வேண்டும், மெல்லிய குரலில் பேச வேண்டும், கணவன் கடுமையாக நடந்துகொண்டால் குறையைத் தன்னிடமே தேட வேண்டும் என்கிற வகை. அதில் நாவல்களைப் பற்றியும் பேசுகிறார். ரிச்சர்ட்சனுக்கு மட்டும் விலக்கு. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்கச் சகிப்பவள், வெளியே எவ்வளவு நல்ல பெயர் வாங்கியிருந்தாலும், மனத்தளவில் வேசி என்பது அவர் தீர்ப்பு. வேசி என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கழித்து அது திரும்ப வரும், எதிர்பாராத ஒருத்தியின் மேல்.

1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் ‘எ விண்டிகேஷன் ஆஃப் தி ரைட்ஸ் ஆஃப் உமன்’ வருகிறது. ஆங்கிலத்தில் பெண்ணியச் சிந்தனைக்கு அஸ்திவாரம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நூல். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு அதிலிருந்து நாலைந்து பக்கம் பாடமாக வந்திருக்கலாம். பாடத்தில் வராத பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். ஐந்தாம் அத்தியாயத்தில் ரூஸோவை நிறுத்திவைத்து விசாரிக்கிறார். அடுத்து ஃபோர்டைஸ். என் மாணவியின் புத்தக அலமாரியிலிருந்து இந்தப் பிரசங்கங்களை உடனே அப்புறப்படுத்துவேன் என்கிறார். பாதிரியாரின் குழைவான பாஷையையும் அதன் பின்னே இருக்கும் எஜமானத் தோரணையையும் அவர் பிரித்துக் காட்டுவது இன்றைக்கும் விமர்சனத்துக்கு ஒரு பாடம்.

ஆனால் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனால் வேறொரு குரல் கேட்கிறது. அறியாமை பெண்களிடம் உண்டாக்கும் மடமைகள் என்ன என்று ஒரு பட்டியல். முதலில் குறிகாரர்களிடம் போவது. இரண்டாவது நாவல் படிப்பது. மூன்றாவது உடை அலங்காரத்தில் ஆசை. நாவலாசிரியர்கள் மனித சுபாவம் தெரியாத மடையர்கள். அவர்கள் புனையும் பழைய கதைகள் பெண்களின் ரசனையைக் கெடுத்து, அன்றாடக் கடமையிலிருந்து திசை திருப்புகின்றன என்று சொல்கிறார். ஃபோர்டைஸின் அலமாரியைக் காலி செய்த கை அவருடைய பிரம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது.

காரணங்கள் வேறு என்பது உண்மை. பாதிரியாருக்குக் கவலை பெண்ணின் கற்பு. வுல்ஸ்டன்கிராஃப்டுக்குக் கவலை அவளுடைய புத்தி. முன்னவர் பெண்ணை வீட்டுக்குள் வைக்க நினைத்தவர். பின்னவர் வெளியே கொண்டுவர நினைத்தவர். நாவலோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இரண்டு பேரும் புத்தகத்தைக் கீழே வை என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பொருத்தம் தற்செயலானதல்ல என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு நீதியைக் கேட்டு வருபவர்கள், தம் கட்சி பொறுப்பானது, கேளிக்கைக்கானதல்ல என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கைக்கெட்டும் சாட்சி, பழைய நீதிமான்கள் ஏற்கெனவே குற்றவாளியாக்கி வைத்திருப்பவள்.

வுல்ஸ்டன்கிராஃப்டின் பக்கத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1788இலிருந்து ஜோசப் ஜான்சனின் ‘அனலிடிகல் ரிவ்யூ’வில் மதிப்புரை எழுதிச் சம்பாதித்தவர் அவர். மதிப்புரைக்கு வந்தவற்றில் கணிசமானவை நாவல்கள். தான் கண்டித்த சரக்கை அவ்வளவு படித்தவர்கள் லண்டனில் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். ‘விண்டிகேஷன்’ எழுதுவதற்கு முன்பே, 1788இல், ‘மேரி’ என்று ஒரு நாவலும் எழுதியிருந்தார். நாவலைக் கண்டிக்கும் அதே பகுதியில் ஒரு சலுகையும் தருகிறார்: மனம் வெற்றாகக் கிடப்பதைவிட எதையாவது படிப்பது மேல். சிகிச்சையும் சொல்கிறார்: நகைச்சுவை உணர்வுள்ள ஒருவர் அந்த நாவல்களை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக்காட்டி, குரலாலும் ஒப்பீட்டாலும் அவற்றின் அபத்தத்தை உணர்த்த வேண்டும். சிரித்துக் குணப்படுத்துவது. நல்ல யோசனைதான். ஆனால் படிக்கிற பெண்ணுக்குத் தானாகச் சிரிக்கத் தெரியாது என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது.

நூல் வெளிவந்த வருஷக் கடைசியில் அவர் புரட்சி நடக்கும் பாரிஸுக்குப் போனார். 1793இல் கில்பர்ட் இம்லே என்ற அமெரிக்கனைக் காதலித்தார். 1794இல் பெண் குழந்தை. இம்லே விலகிப் போனான். 1795இல் இரண்டு முறை தற்கொலைக்கு முயன்றார். இரண்டாவது முறை மழையில் நடந்து போய்ப் பட்னி பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் குதித்தார். அவனுக்கு எழுதிய கடிதங்களில் இருப்பவள் காத்திருக்கிறவள், குறைப்படுகிறவள், மறுபடி மன்னிக்கிறவள். அவர் கண்டித்த நாவல்களில் வருகிற பெண்ணுக்கும் இந்தப் பெண்ணுக்கும் பெரிய தூரமில்லை. 1797 செப்டம்பரில், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் பத்தே நாளில், 38 வயதில் இறந்தார். அடுத்த வருஷம் அவர் கணவர் வில்லியம் காட்வின் அந்தக் கடிதங்களையும், எதையும் மறைக்காத ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் வெளியிட்டார். அன்பினால் செய்த காரியம். விளைவு வேறாகியது. 1798இல் ‘ஆன்டி ஜாகபின் ரிவ்யூ’ தன் பொருளடைவில் வேசித்தனம் என்ற தலைப்பின் கீழ் ‘மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்’ பார்க்க என்று அச்சிட்டது. நாவல் படிக்கிறவள் மேல் பாதிரியார் எறிந்த சொல் அதே நாவலைக் கண்டித்தவள் மேல் வந்து விழுந்தது.

இதை வைத்து, கொள்கை ஒன்று வாழ்க்கை ஒன்று என்று கைதட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். பெண்ணியவாதியின் அந்தரங்கத்தில் ஒரு சறுக்கல் கிடைத்தால் அவளுடைய வாதமே சரிந்துவிட்டதாகக் கொண்டாடுவது பழைய பழக்கம். ஆண் தத்துவவாதிக்கு இந்தத் தேர்வு கிடையாது. குழந்தை வளர்ப்பைப் பற்றி ‘எமிலி’ எழுதிய ரூஸோ தன் ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதிக்கு அனுப்பியவர். அது பாடத்தில் அடிக்குறிப்பாக வருகிறது, தீர்ப்பாக வருவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் முடிக்காமல் விட்டுப்போன நாவல்: ‘மரியா, அல்லது பெண்ணுக்கிழைத்த அநீதிகள்’. 1798இல் காட்வின் அதையும் பதிப்பித்தார். கணவனால் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்ட மரியாவுக்கு, காவல்காரி மூலம் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஓரங்களில் யாரோ எழுதிய குறிப்புகள். அதே விடுதியில் அடைபட்டிருக்கும் ஒருவன் எழுதியவை. ரூஸோவின் காதல் நாவலைப் படித்துக்கொண்டே, முகம் சரியாகப் பார்க்காத அவனுக்கு அந்தக் கதாநாயகனின் குணங்களையெல்லாம் கொடுத்துவிடுகிறாள். நாவல் எப்படி மனத்தில் வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக அக்காலத்தில் எழுதியவர்கள் அதிகமில்லை. ‘விண்டிகேஷ’னில் பழித்த அதே பழக்கம்தான். இங்கே பழிப்பு இல்லை. பூட்டிய அறையில் வேறென்ன செய்வாள் என்ற கேள்வி இருக்கிறது. மயக்கத்தின் ஆபத்தும் மறைக்கப்படவில்லை: எஞ்சிய குறிப்புகளில் காதலன் துரோகியாகிறான். உள்ளே நின்று, ருசியும் தெரிந்து, விலையும் தெரிந்து எழுதியது.

அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டு பாதையிலும் போனார்கள். ஜேன் ஆஸ்டின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடி’ஸில் (1813) அசட்டுப் பாதிரி காலின்ஸின் கையில் ஃபோர்டைஸையே கொடுத்தார், நாவலைக் கண்டதும் அவன் பதறி ஒதுங்குவது வேண்டுமென்றே வைத்த இடம். அவர் இறந்த பின் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’யில், நாவல் எழுதுகிறவர்களே நாவலைப் பழிக்கும் வழக்கத்தை நேராகச் சாடுகிறார். ஜார்ஜ் எலியட் மற்ற பாதை. 1856 அக்டோபர் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’வில், பெயர் போடாமல், பெண்கள் எழுதும் அசட்டு நாவல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை கொடூரமான அளவுக்குச் சிரிப்பூட்டுவது. அந்தக் கட்டுரையை முடித்த செப்டம்பர் மாதத்திலேயே தன் முதல் கதையைத் தொடங்கினார். உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் நின்றிருந்த பெண்களிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது போலும். இது எனக்குப் புரிகிறது. சிறுபத்திரிகையில் எழுத வந்த பெண்கள் எல்லாருக்குமே புரியும்.

1970இல் ஜெர்மேன் கிரீர் ‘தி ஃபீமேல் யூனக்’ நூலில் காதல் கதைகளின் கதாநாயகனை எடுத்துப் பேசும்போது, தம் தளைகளைத் தாமே ஆசையாகத் தடவிக்கொடுக்கும் பெண்கள் செய்துகொண்ட உருவம் அவன் என்றார். பழைய வழக்கு, புதிய வக்கீல். 1984இல்தான் ஒருவர் அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டார். ஜானிஸ் ராட்வே, அமெரிக்காவில் ஒரு சிற்றூர்ப் புத்தகக் கடையைச் சுற்றியிருந்த 42 வாசகிகளோடு பேசி ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ எழுதினார். எந்தக் கதை பிடிக்கும் என்பதைவிட, படிக்கும் நேரத்தைப் பற்றியே அவர்கள் அதிகம் சொன்னார்கள். கணவனும் குழந்தைகளும் எட்ட முடியாத ஒரு நேரம். எல்லாரையும் கவனித்துக்கொள்கிறவள், தன்னை ஒருவன் கவனித்துக்கொள்வதாகக் கற்பனை செய்துகொள்ளும் நேரம். ராட்வே இதைப் புரட்சி என்று தூக்கிவைக்கவில்லை. புத்தகத்தை மூடியதும் வீடு அப்படியேதான் இருக்கிறது என்பதையும் எழுதினார்.

இங்கே நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள், குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் போகாதவர். முதல் படைப்பைத் தோழி எழுதிக்கொள்ள வாயால் சொன்னவர். நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அவர் நாவல்கள் இலக்கியமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் அவற்றுக்காகவே எழுத்துக் கூட்டப் பழகிய பெண்கள் இருந்திருப்பார்கள் என்பதை நம் விமர்சனம் ஒரு செய்தியாகக்கூட எடுத்துக்கொண்டதில்லை. ‘எழுத்து’ காலத்திலிருந்து நம் வட்டாரம் ஜனரஞ்சக எழுத்தோடு போட்ட சண்டை தேவையான சண்டை. அந்தச் சண்டையில் ‘பொம்பளைங்க படிக்கிற கதை’ என்பது தானாகவே ஒரு வசவாகிப் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களைச் சிறுவயதில் தின்று தீர்த்ததை நண்பர்கள் ரசித்துச் சொல்வார்கள். அது பால்ய ஞாபகம். ரமணிசந்திரன் படித்தேன் என்று ஒருத்தி சொன்னால் அது வாக்குமூலம்.

மின்ரயிலில் பெண்கள் பெட்டியில் எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் கிடைக்கிறது. வீட்டில் சமையல், கிளையில் கவுண்ட்டர், நடுவில் இது. சில நாள் கவிதை, பல நாள் மாத நாவல். கதாநாயகன் பணக்காரன், கர்வி, அவளைத் தவறாக எடைபோடுவான், நோகடிப்பான், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்பான். அந்த மன்னிப்புக்காகத்தான் படிக்கிறேன் என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் அதிகம் காணக் கிடைக்காத காட்சி அது. அவன் நோகடித்ததைக் காதலின் அடையாளமாகக் கதை சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது. அந்த இடத்தில் பொய் இருக்கிறது, அந்தப் பொய்யை நம்பி வாழ்ந்து கெட்டவர்களையும் தெரியும். பக்கத்து இருக்கைக்காரி தன் புத்தகத்தைக் காட்டி, “இவனையெல்லாம் நாலு சாத்து சாத்தணும்க்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறாள். வுல்ஸ்டன்கிராஃப்ட் சொன்ன சிகிச்சையை யாரும் வாசித்துக்காட்டாமலே அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆகவே இந்தக் கதைகளுக்கு விடுதலை வாங்கித் தருவது என் நோக்கமல்ல. அவற்றைக் கடுமையாகவே விமர்சிக்க வேண்டும், வரி வரியாக. ஆனால் நூலின் மீதான விசாரணை வேறு, அதைப் படிப்பவளின் மீதான விசாரணை வேறு. இரண்டாவது ஃபோர்டைஸிடமிருந்து வந்தது. பெண்ணியம் அதை அவசரத்தில் கடனாக வாங்கியது. இருநூறு வருஷத்துக்கு மேல் வட்டி கட்டியாகிவிட்டது; இனி திருப்பிக் கொடுத்துவிடலாம்.