பிக்கப் வண்டிக் கண்ணாடியில் நீராவி படிதல்

பிக்கப் வண்டிக் கண்ணாடியில் நீராவி படிதல் என்பது, ஓட்டுநர் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் நுண்துளிகளாக ஒடுங்கும் நிகழ்வு ஆகும். கண்ணாடியின் வெப்பநிலை காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கும்போது இது நிகழ்கிறது. 25 பாகை செல்சியசு வெப்பநிலையும் 60% சார்பு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 17 பாகை செல்சியசு ஆகும். இது ஓட்டுநரின் பார்வையை மறைப்பதால் விபத்து நேரலாம்.

காரணம் அறிதல்

மழைநாளில் மட்டும் படிந்தால் மூச்சுக்காற்றும் நனைந்த உடைகளும் காரணமாகலாம். வறண்ட நாளிலும் தொடர்ந்தால் தரைவிரிப்பின் அடிப்புறத்தைச் சோதிக்க வேண்டும்.

* மழைக்குப்பின் இருக்கையின் பின்புறம் ஈரம்: பின்பக்கக் கண்ணாடி அல்லது அதன் மேலுள்ள நிறுத்த விளக்கின் ரப்பர் விளிம்பில் கசிவு.
* குளிர்சாதனம் இயங்கியபின் முன்பக்கம் ஈரம்: அதன் வடிகுழாயில் அடைப்பு.
* இனிய மணம், பிசுபிசுப்பான படலம்: சூடேற்றியிலிருந்து குளிர்விப்பு நீர்மம் கசிதல். இதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது. நீர்மம் குறைந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறிப் பழுதடையும்.

தீர்வு

உட்காற்றுச் சுழற்சியை நிறுத்தி, குளிர்சாதனத்தையும் சூடேற்றியையும் ஒருசேர இயக்க வேண்டும். முன்னது காற்றின் ஈரத்தை நீக்கும். பின்னது கண்ணாடியைச் சூடாக்கும். துணியால் துடைப்பது தற்காலிகத் தீர்வே. கசிவை அடைத்து விரிப்பை முற்றிலும் உலர்த்தாதவரை நீராவி மீண்டும் படியும்.