இணை பிரியாப் பற்சக்கரங்கள்

வண்டி வளைவில் திரும்புகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடியாக வேண்டும். மாட்டுவண்டிக்கு இது சிக்கலே அன்று. அதன் சக்கரங்கள் தனித்தனியே சுழல்பவை. விசையைச் சக்கரங்களுக்கே செலுத்தும் வண்டியில்தான் இரண்டையும் ஒருசேர உருட்டவும் வேண்டும், வேறுபட விடவும் வேண்டும். இதற்கு விடையாகவே பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1828-இல் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி அதனை மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொணர்ந்தார்.

மோட்டார் வண்டியில் இன்னொரு பணியும் சேர்ந்தது. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டும். சிறிய பினியனும் பெரிய கிரவுன் வீலும் அப்பணியை ஏற்றன. இத்தகைய சாய்ந்த பற்களைச் சீவும் இயந்திரத்தை அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் 1874-இலேயே உருவாக்கியிருந்தார்.

ஆனால் நேர்ப்பற்கள் இரைந்தன. 1913-இல் பேக்கார்டு கார்களில் வளைபற்கள் வந்தன. ஒரு பல் விலகுமுன் அடுத்தது மெல்லப் பற்றியதால் இரைச்சல் தணிந்தது. 1926-இல் அதே கார்களில் ஹைபாய்டு அமைப்பு இடம்பெற்றது. பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறங்கியது. அதனால் ஓட்டுதண்டும் வண்டியின் தளமும் தாழ்ந்தன. எனினும் அதன் பற்கள் அழுத்தத்துடன் வழுக்கி உரசுபவை. சாதாரண எண்ணெய் அங்கே தாங்காது. கந்தகம் போன்றவை சேர்த்த தனி எண்ணெய் தேவையாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பற்கள் நுட்பமாக ஆக ஆக, அவற்றைப் பொருத்தும் கைக்குப் பொறுப்பு கூடியது. வெப்பத்தில் கடினமாக்கும்போது பற்கள் சற்றே உருத்திரிவதால், இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து இசைவித்து, ஒரே எண் பொறிக்கும் வழக்கம் வந்தது. அவ்வாறு இணைந்தவற்றில் ஒன்று பழுதானால் மற்றதையும் மாற்றுவதே முறை.

பொருத்துபவர் பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, பதியும் தடத்தைப் படிக்கிறார். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் மிக நெருங்கிவிட்டது. நுனியில் விழுந்தால் விலகி நிற்கிறது. மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் அதைச் சீர்செய்கிறார். பற்களுக்கிடையே விடும் தளர்வு, பெரும்பாலான கார்களில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மிகுந்தால் பற்கள் மோதும். அறவே இல்லையெனில் சூடேறி அரைபடும்.

கணிதமும் இயந்திரமும் நூற்றாண்டு கடந்து வளர்ந்த பின்னும், இவ்விரு சக்கரங்களின் ஒற்றுமைக்குச் சாட்சி, ஒரு கைச் சாயத்தில் பதியும் அந்தத் தடமே.