திறப்பு யாரிடம் இருக்கு?

நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக்கு வந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எங்கட ஊர்ப் பெரியாக்கள் கடற்றொழில் பற்றி எழுதின பழைய மலர் ஒன்றைத் தேடித்தான் நாங்கள் டவுனுக்குப் போனோம். அச்சுப் பிரதி ஒருத்தரிடமும் இல்லை. பக்கம் அமைத்த அச்சகத்தில் கோப்பு மட்டும் கிடந்தது. மென்பொருளைத் திறந்தால், 'டொங்கிள் இல்லை' என்றது திரை.

டொங்கிள் என்பது கணினியில் செருகும் ஒரு சின்னத் துண்டு. மென்பொருள் அதனிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் ஓடும். மென்பொருளைப் பிரதி எடுக்கலாம், துண்டை லேசில் எடுக்க ஏலாது.

1980-இல் கொமடோர் பெட் கணினிக்கு வந்த வேர்ட்கிராஃப்ட் என்ற சொற்செயலிதான் இதை முதலில் பயன்படுத்தியது. கசெட் கருவி பூட்டும் இடத்தில் செருகினார்கள். 'டொன் கோல்' என்பவர் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. 1992-இல் ஒரு விளம்பரம் கிளப்பிவிட்ட கதை அது; உண்மை இல்லை.

எங்கட பக்கத்துக் கதை வேறு. ஐஐடி கான்பூரில் தொடங்கி, பூனே சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் அட்டையில் இந்திய எழுத்துகளே வன்பொருளுக்குள் இருந்தன. பிறகு ஸ்ரீலிபி போன்ற மென்பொருட்கள் டொங்கிளோடு வந்தன. இதில் நியாயமும் இருக்கு. சின்னச் சந்தை, ஒருவர் வாங்கப் பத்துப் பேர் பிரதி எடுத்தால், எழுத்துரு வரைந்தவர் எதைச் சாப்பிடுவது?

ஆனால் பூட்டுப் போட்டது மென்பொருளுக்கு. உள்ளே அகப்பட்டது எங்கட எழுத்து.

அச்சக அண்ணா லாச்சியைக் கிண்டி டொங்கிளை எடுத்தார். பிரிண்டர் வயர் கொழுவும் இடத்தில் செருகும் பழைய வகை. புதுக் கணினியில் அந்த இடமே இல்லை. பழைய கணினியில் செருகினால், டிரைவர் போட நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்டது. அதை வைத்தவர் வெளிநாட்டில். போன் எடுத்து, பாஸ்வேர்ட் வாங்கி, ஒருவழியாகத் திறந்தோம். எழுத்தைப் பிரதி எடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில்தான் தமிழை வைத்திருந்தன. யூனிகோடுக்கு மாற்றின பிறகுதான் வாசிக்க முடிந்தது. இத்தனைக்கும் 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது.

டொங்கிள் இன்றும் ஒழியவில்லை; யூ.எஸ்.பி. வடிவில் எத்தனையோ அலுவலகங்களில் இருக்கு. எல்லாரும் கைவைக்க முடியாத கணினி என்றால், நிர்வாகி ஒருதரம் டிரைவரைப் போட்டுவிட்டால் போதும். பிறகு சாதாரணக் கணக்கிலேயே வேலை செய்யலாம். வலையமைப்பு வகை என்றால், ஒரு கணினியில் செருகிவைத்து மற்றவை அங்கிருந்து அனுமதி பெறும். எந்தத் துண்டு எந்த மென்பொருளுக்கு, யார் பொறுப்பு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இந்த வருசம் மலர் போடுகிற ஆக்களே, பக்கம் எதில் அமைத்தாலும் பரவாயில்லை. கட்டுரைகளை யூனிகோடில் தனியாக ஒரு பிரதி வாங்கி வையுங்கள். எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அந்த அண்ணா போனை எடுத்தார்.