விடை தேடுகையில் வளரும் ஆங்கிலம்: தென்னிந்தியப் பள்ளிகளின் அனுபவம்

வினவியும் ஆராய்ந்தும் கற்கும் வகுப்பில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கைவரும் என்பது மேலைநாடுகளிலிருந்து அண்மையில் வந்த கருத்து என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் உலகமெங்கும் மொழிக் கல்வியாளர்கள் இன்றும் எடுத்துப் பேசும் முன்னோடிச் சோதனையொன்று 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில்தான் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் என். எஸ். பிரபு. அந்தச் சோதனையிலிருந்து பிற்காலம் செயல்பாட்டை எடுத்துக்கொண்டது. செயல்பாட்டுக்கு உயிராக இருந்த ஆசிரியரின் பேச்சைக் கைவிட்டது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் தடுமாறுவதற்கு இந்த இழப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரபுவுக்கு முந்தைய நிலை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1950களில் சென்னை மாநிலத்தின் பாடத்திட்டம் வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தியது. ஆசிரியர் ஒரு பொருளைக் காட்டி வாக்கியத்தைச் சொல்வார். வகுப்பு சேர்ந்து திருப்பிச் சொல்லும். இம்முறையில் சுமார் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. அவ்வளவு பெரிய முயற்சிக்குப் பின்னும் வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியத்தை வகுப்புக்கு வெளியே மாணவரால் பயன்படுத்த முடியவில்லை என்ற குறை 1970களில் ஆசிரியர்களிடையே வலுத்தது. வடிவத்தில் கவனம் குவிந்திருக்கும்போது வடிவம் மனத்தில் தங்குவதில்லை, பொருளில் மனம் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் தன்னையறியாமல் உருவாகிறது என்ற கருதுகோளோடு பிரபுவும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் களமிறங்கினர்.

வகுப்பின் நடைமுறையை விரிவாகப் பார்ப்பது அவசியம். எடுத்துக்காட்டாக, ஒரு ரயில் கால அட்டவணை. குறித்த நேரத்துக்குள் ஓர் ஊரை அடைய எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது கேள்வி. ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் அத்தகைய ஒரு கணக்கை ஆங்கிலத்தில் பேசிப் பேசித் தீர்ப்பார். புரியாதபோது கேள்வியை உடைப்பார், வேறு சொல்லில் கேட்பார், ஒரு மாணவர் அரைகுறையாகச் சொன்னதை முழுமையாக்கித் திருப்பிச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் அதுபோன்ற இன்னொரு கணக்கைத் தனியே தீர்க்க வேண்டும். விடை சரியா என்பதே மதிப்பீடு. வரைபடம், அட்டவணை, சிறு கணக்கு என எதை எடுத்தாலும் தெரிந்த தகவல்களிலிருந்து தெரியாத ஒன்றை ஊகித்தறியும் பணிகளையே பிரபு அதிகம் விரும்பினார். குழுவேலையை அவர் தவிர்த்தார் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். மாணவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசினால் கேட்பதெல்லாம் ஒருவர் மற்றவரின் குறையான ஆங்கிலமே என்பது அவர் காரணம். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு இது மிகப் பொருந்தும் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1985இல் வெளிவந்த ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரின் மதிப்பீடு நான்கு பள்ளிகளை ஆராய்ந்தது. பழைய முறையில் பயின்றோர் அம்முறைக்கேற்ற தேர்வில் முந்தினர்; புதிய முறையினர் தங்கள் பணிவழித் தேர்வில் முந்தினர். இரு தரப்புக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் முடிவு பெரும்பாலும் புதிய முறைக்கே சாதகமாக இருந்தது. ஒப்பிட்ட வகுப்புகள் சமமானவையல்ல, சோதனை வகுப்புகளின் ஆசிரியர்கள் கூடுதல் தகுதி பெற்றவர்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே இந்த முறைதான் சிறந்தது என்று இந்த ஆய்வால் நிறுவ முடியாது. ஆனால் தனியே கற்பிக்காவிட்டால் இலக்கணமே வராது என்ற அச்சத்தைத் தளர்த்த அது போதும்.

இனி, செயல்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்ட பிற்காலத்துக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பாடப் படிகளைக் காட்டும் கற்றல் ஏணியில் பிள்ளை தன் இடத்தைப் பார்த்து, அதற்கான பாட அட்டையை எடுத்து, தன் வேகத்தில் கற்க முடிந்தது. அச்சம் நிறைந்த வகுப்பறையை அது மாற்றியது. அந்தப் பெருமையைக் குறைக்க இயலாது. தமிழிலும் கணக்கிலும் பிள்ளை தான் ஏற்கெனவே பேசும் மொழியைக் கொண்டு அட்டையோடு மல்லுக்கட்டலாம். ஆனால் ஆங்கில அட்டை பேசாது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தனித்தனி அட்டையோடு அமர்ந்திருக்க, ஆசிரியர் எல்லோரோடும் ஒரு சிக்கலை ஆங்கிலத்தில் பேசித் தீர்க்கும் நேரம் எங்கே கிடைக்கும்? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோது ஆசிரியரின் ஆங்கிலப் பேச்சுக்கான தேவை இன்னும் கூடியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கவனித்தது. நிலைக்கேற்ற பயிற்சி நல்லதே, ஆனால் ஆங்கிலத்தில் ஆசிரியர் பேச நேரம் எங்கே என்ற கேள்வி அங்கும் எஞ்சுகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் ஆங்கிலமே போதாதபோது அவர்கள் பேச்சை எப்படி நம்புவது என்பது வலுவான எதிர்வாதம். பிரபுவின் சோதனையிலும் புதிய முறையை நடைமுறைப்படுத்துவது வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்குக் கடினமாயிருந்ததைப் பெரெட்டா 1990இல் எழுதினார். ஆனால் ஒரு பணிக்குத் தேவைப்படும் ஆங்கிலம் எல்லையுள்ளது. கால அட்டவணைப் பாடத்துக்கு நேரம், வண்டி, புறப்பாடு, வருகை, முன், பின் என்பவை பற்றிய சில பத்துக் கேள்விகள் போதும். அவற்றை முன்கூட்டியே தயாரித்துப் பழகலாம். பிள்ளை தமிழில் விடை சொன்னால் ஆசிரியர் அதை ஏற்று ஆங்கிலத்தில் சொல்லித் தொடரலாம். அட்டைக்கும் பயிற்சிநூலுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, ஒவ்வொரு பணிக்கும் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகளின் தொகுப்புக்கும், அவற்றை உரக்கப் பேசிப் பழகும் வட்டார அளவிலான பயிற்சிக்கும் ஒதுக்க முடியும்.