தபால் இலாகா போட்ட பூட்டு

1913, பிப்ரவரி மாதம். நியூயார்க்கில் 'தி கால்' என்ற சோஷலிஸ்ட் நாளிதழைப் பிரித்த வாசகர்களுக்குத் திகைப்பு. 'ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டியது' என்று தலைப்பு இருக்கிறது... கீழே கட்டுரையைக் காணோம்! 'ஒன்றுமில்லை, தபால் இலாகா உத்தரவு' என்று மட்டும் போட்டு, மிச்சத்தை வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

தொடரை எழுதியவர் மார்கரெட் சாங்கர். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், பிரசவங்களுக்கு வீடு வீடாகப் போய்வந்த நர்ஸ். வயசுக்கு வரும்போது உடம்பில் என்னென்ன மாறுகிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எப்படி உண்டாகிறது என்று டீன் ஏஜ் பெண்களுக்கு 1912 நவம்பரிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அதுவரை பொறுத்துக்கொண்டார்கள். மேகநோய், வெட்டை நோய் என்று பெயர் சொல்லி எழுதியதும்தான் வந்தது வினை!

தடுத்தவர் ஆன்டனி காம்ஸ்டாக். தபால் இலாகாவின் ஸ்பெஷல் ஏஜென்ட். ஊர் ஒழுக்கத்துக்கெல்லாம் தானே காவல்காரன் என்று நம்பிய ஆசாமி! (அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1873-ம் வருஷத்துச் சட்டப்படி, ஆபாசமான எதையும் தபாலில் அனுப்பக் கூடாது. கருத்தடை பற்றிய தகவலுக்கும் அதே தடைதான்!) 'உன் பத்திரிகையைத் தபாலில் ஏற்க மாட்டோம்' என்று மிரட்டினால் ஆசிரியர் என்னதான் செய்வார், பாவம்?

இத்தனைக்கும் மருத்துவம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலமில்லை அது. மேகநோய்க் கிருமியை 1905-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. 1910-ல் பால் எர்லிக்கின் 'சால்வர்சான்' மருந்தும் வந்துவிட்டது. வெட்டை நோய் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குக் கண் போகலாம், சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் தடுக்கலாம் என்பதெல்லாம் 1880-களிலேயே டாக்டர்களுக்கு அத்துப்படி. நாளைக்குத் தாயாகப்போகிற பெண்ணுக்குத்தான் யாரும் சொல்லவில்லை!

சாங்கர் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சுய இன்பம் உடம்பைக் கெடுக்கும் என்று இதே தொடரில் ஏகத்துக்கும் பயமுறுத்தியிருக்கிறார். இன்றைக்கு எந்த டாக்டரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்பு ஜாம்ஜாமென்று அச்சாகிவிட்டது. பூட்டு விழுந்தது, உயிர் காக்கும் பகுதிக்கு!

சில வாரங்களில் அந்தக் கட்டுரை எப்படியோ வெளிவந்தது. பிறகு 1917-ல் அமெரிக்கா உலகப் போரில் குதித்தது. ராணுவ முகாம்களில் பால்வினை நோய்கள் பெரிய தலைவலியாகிவிட, தபால் இலாகா தடுத்த அதே பகுதியை அரசுத் தரப்பிலேயே அச்சடித்து சிப்பாய்களுக்கு விநியோகித்தார்களாம். 1938-ல் வெளியான சுயசரிதையில் சாங்கரே இதைச் சொல்கிறார்.

எழுதியவர் பெயரை மட்டும் போடவில்லையாம்!