கண்ணுக்குத் தெரியுற இடத்துல ஒரு சுவிட்ச்

வெயில்ல எங்க விருதுநகர் மாவட்டத்தோட போட்டி போட ஆள் கம்மி. முன்னே சிவகாசி ஆஃப்செட் அச்சகங்கள்ல காகிதத்துக்காக ஏசி போட்டாங்க, இப்போ தெருவுக்குத் தெரு மனுஷங்களுக்காகவும் போடுறாங்க. சுவத்துல தொங்குற அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தா, பக்கத்துல சுவிட்ச் இருக்கான்னுதான் நான் முதல்ல தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. படுக்கையறைக்குள்ள இருக்கும். இதுல என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

வெடிபொருளுக்கு இங்கிலாந்துல 1875ல சட்டம் வந்துச்சு, இந்தியாவுல 1884ல. அதைக் கவனிக்கிற துறை 1898 செப்டம்பர் 5ல தொடங்குச்சு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து, 1923 வாக்குல சிவகாசியில தீப்பெட்டித் தொழிலை ஆரம்பிச்சாங்க. பட்டாசு அதுக்குப் பின்னாடிதான். வெடிபொருள் விதிகள் 1940, 1983, 2008னு மாறி மாறி வந்துச்சு. ஆனா அடிப்படை ஒண்ணுதான்: ஆபத்தையும் ஆளையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிரிச்சு வை.

அதனாலதான் அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல கூடாதுங்கிற கணக்கு. மருந்து கலக்குற அறையில பல்பு, ஃபேன் வச்சு வேலை பார்க்கிற வழக்கம் கிடையாது, பகல் வெளிச்சம்தான். மனுஷ உடம்புல சேர்ற நிலைமின்சாரமே மருந்தைப் பத்த வைக்கப் போதும். அதுக்குத்தான் வாசல்ல எர்த் பண்ணின செம்புத் தகடு. அதைத் தொட்டுட்டு உள்ளே போகணும்.

சாதாரண மின்சாரத்துக்கு வேற சட்டம். 1910ல மின்சாரச் சட்டம், 1956ல விதிகள். அதுல 50ஆம் விதி, மோட்டார் ஒவ்வொண்ணுக்கும் இணைப்பை முழுசாத் துண்டிக்கிற சுவிட்ச் வேணும்னு சொல்லுச்சு. அதை இயக்குறவர் கைக்கு எட்டுற மாதிரி மோட்டார் பக்கத்துலயே இருக்கணும். 1956 விதிகள் போய் 2010லயும் 2023லயும் புது ஒழுங்குமுறைகள் வந்தாச்சு. ஆனா எண்ணம் அதேதான். அமெரிக்க மின் விதித்தொகுப்பு (முதல் பதிப்பு 1897) ஏசிக்குன்னே தனியா எழுதி வச்சிருக்கு. துண்டிக்கிற சுவிட்ச் யூனிட்ல இருந்து பார்த்தா தெரியணும், 50 அடிக்கு மேல தள்ளி இருக்கக்கூடாது. வேலை பார்க்கிறவர் கருவியை மாட்ட 25 அடிக்குள்ள ஒரு பிளக் பாயின்டும் வேணும்.

பட்டாசு அறையில மின்சாரத்தைத் தூர வைக்கிறாங்க. மோட்டார்ல சுவிட்சைக் கிட்ட வைக்கிறாங்க. பார்த்தா எதிரும் புதிருமா இருக்கு, ஆனா ரெண்டும் கேக்குறது ஒரே கேள்விதான்: உயிரைப் பணயம் வைக்கிறது யாரு? அவர் கையில இருக்கணும் கட்டுப்பாடு.

மாடிச் சுவர்ல ஒத்தைக் கால்ல நிக்கிற ஏசி மெக்கானிக்குக்கு அது இல்லை. ரிமோட்டை அமுக்கினா ஏசிதான் நிக்கும், யூனிட்டுக்கு வர்ற மின்சாரம் நிக்கணும்னு இல்லை. அவர் கீழ பார்த்து "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணியாச்சா?"ன்னு கத்துவார். உள்ள இருந்து "ஆச்சு தம்பி"ன்னு ஒரு குரல் வரும். அந்தக் குரலை நம்பித்தான் கையை வைக்கணும். உள்ள சின்னப்பையன் சுவிட்சைத் தட்டிட்டா? எங்க வீட்டுக்கு வந்த பையன்கிட்ட கேட்டேன். "பழகிப்போச்சு சார்"னு சிரிச்சான்.

விதி புத்தகத்துல இருந்தா மட்டும் போதாதுன்னு எங்க மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012ல முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சுக் குறைஞ்சது 38 பேர் செத்தாங்க. உதவப் போனவங்களும் அதுல உண்டு. அந்தத் தேதி செப்டம்பர் 5. அந்தத் துறை பிறந்த அதே நாள்.

யூனிட் பக்கத்துல மழை படாத பெட்டியில ஓர் ஐசோலேட்டர், நல்ல எர்த், ஒரு பிளக் பாயின்ட். ஏசி விலையில இது ஒரு ஓரம். புதுசா ஏசி போடுறவங்க எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க வீட்டுல சுவிட்ச் எங்க இருக்கு? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க மக்களே!