சி. கொண்டைய ராஜு

சி. கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர். சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்குள் நுழைந்த சாமி படங்களில் பல இவர் கைவண்ணம். பிறந்தது சென்னை மயிலாப்பூரில். பயின்றது சென்னை ஓவியப் பள்ளியில். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகக் குழுக்களுக்குப் படுதா எழுதப் போனார். 1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

படுதா அனுபவத்தை அவர் வாழ்க்கையின் இடைவேளையாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவருடைய படங்களுக்கான திறவுகோலே அதுதான் என்று தோன்றுகிறது. அந்தக் கால நாடகத்துக்கு தர்பார், தெரு, காடு என்று சில படுதாக்கள் கட்டாயம் வேண்டும். இவற்றில் கடினமானது தர்பார். இரு பக்கமும் தூண்வரிசை சிறுத்துக்கொண்டே உள்ளே போகவேண்டும். தரைக் கட்டங்கள் தொலைவில் நெருங்கவேண்டும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அரண்மனை தெரியவேண்டும். ஓவியப் பள்ளியில் கற்ற தூரக்கணக்கு இங்கே சோறு போட்டது. காலண்டர் படத்தில் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் பின்னால் தெரியும் தூண், வளைவு, சுருக்கிக் கட்டிய திரை எல்லாம் இந்த தர்பாரின் வாரிசுகள்.

ஆனால் கூடம் உள்வாங்கிச் செல்ல, தெய்வம் மட்டும் நேர்முகமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரக்கணக்கு பின்னணியோடு நின்றுவிடுகிறது. கும்பிடுகிறவர் கண்ணுக்குக் கண் சந்திக்கவேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு இது. இதற்கு மாறாக, ஸ்பெயின் ஓவியர் மரியானோ ஃபோர்ச்சூனி 1870-இல் முடித்த திருமணப் பதிவுக் காட்சியில் தேவாலய அறையின் இரும்புக் கம்பித் தடுப்பு வரை நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். இப்படி ஓர் இடம் உண்டு என்று நம்பவைக்கும் நுணுக்கம் அது. கோவில்பட்டிக் கூடம் எந்த ஊரிலும் இல்லாதது. அங்கே நுணுக்கம் நகைக்கும் பட்டுக்கும் செலவாகிறது.

ராஜுவின் படங்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது மீனாட்சி திருக்கல்யாணம். காட்சியமைப்பு மதுரைக் கோயில் சிற்ப மரபைச் சேர்ந்தது: திருமால் தாரை வார்க்க, சுந்தரேசுவரர் மீனாட்சியின் கைப்பிடிக்கிறார். கல்லில் இருந்ததை ராஜு கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்தார். தலை குனிந்து நிற்கும் மணப்பெண்ணின் நாணம், சரிகைக் கரையின் அகலம், கழுத்தில் அடுக்கிய நகை ஆகியவை தென்னாட்டு வீடுகளில் பார்த்துப் பழகியவை. ரவிவர்மா அச்சுப்படங்களின் செல்வாக்கு ராஜுவிடம் உண்டு என்றாலும், அவர் வரைந்த பெண் தெய்வங்கள் தமிழ்ச் சாயல் கொண்டவர்கள்.

சிவகாசி சுமார் 40 கிலோமீட்டரில் இருந்தது வசதியாயிற்று. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களால் வளர்ந்த அச்சுத்தொழில் அங்கே காலண்டரிலும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கில் வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். ஆர்டர் கொடுத்த கடையின் பெயர் படத்தடியில் ஏறும். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் போன்ற கரிசல் ஊர்களில் பருத்திக் கடையோ மளிகைக் கடையோ தரும் காலண்டர்தான் பல வீடுகளுக்குச் சாமி படம். வருஷம் முடிந்தால் தேதித் தாள் போகும், படம் கண்ணாடிக்குள் போகும். சில வீடுகளில் கடைப் பெயரோடு சேர்த்தே.

டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் ஆகியோர் ராஜுவின் மாணவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். பல படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். எந்தக் கோடு யாருடையது என்று பிரிப்பது சிரமம். பிரிக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்ததாகவும் தெரியவில்லை. ‘காலண்டர் ஓவியம்’ என்பதை வசையாகப் பயன்படுத்திய கலை விமர்சனம் இவர்களை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதிய ஆய்வுகள் ராஜுவைத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் தெரியவைத்தன.